நுரையீரலைப் பார்க்கும் ஸ்கேனும் கருவறையைக் காக்கும் சட்டமும்

சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவிக்கை செய்தது. தமிழகத்தில் 2021 டிசம்பரிலேயே 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் வந்துவிட்டது. அதன்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை மாநில அரசு ஏற்கிறது. முன்பணம் கட்ட ஆளில்லை என்பதற்காக அடிபட்டவர் ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடந்த காலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கொடுமையைக் குறைக்கும் எந்த முயற்சியையும் மனதார வரவேற்க வேண்டும்.

இதன் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு ஆண்டின் கணக்கு போதும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் தமிழகத்தில் மட்டும் 64,105 விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையதுதான். இறந்தவர்கள் 17,884 பேர். இவர்களில் பெரும் பகுதியினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள், சம்பாதிக்கும் வயதில் இருந்தவர்கள். நம் மஹல்லாக்களில் ஜனாஸா அறிவிப்பு வரும்போது வயதைக் கேட்டு அதிர்ந்து போகிறோமே, அந்த வயதுதான்.

பணத்தின் கதவு ஓரளவு திறந்துவிட்டது. உள்ளே போன பிறகு முதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? அதில் ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். நெஞ்சில் அடிபட்டவரின் நுரையீரல் சுருங்கிப் போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழி பற்றியது அது. மருத்துவச் செய்தியாகத் தொடங்கும் இந்த விஷயம் சட்டத்தில் போய் முட்டுகிறது. அங்கிருந்து நம் பெண் குழந்தைகள் வரை நீள்கிறது.

நெஞ்சுக்குள் புகும் காற்று

நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. நெஞ்சுக் கூட்டின் உட்சுவரிலும் அதே போன்ற உறை உண்டு. இரண்டுக்கும் நடுவே சிறிதளவு நீர் மட்டுமே இருக்கும். மூச்சு விடும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தினாலோ, கத்தி போன்ற ஆயுதம் நெஞ்சைத் துளைத்தாலோ, அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்துவிடும். புகுந்த காற்று நுரையீரலை அழுத்த, அது சுருங்குகிறது. இதைத்தான் மருத்துவர்கள் நிமோதோராக்ஸ் என்கிறார்கள்.

சிறிய அளவில் இருந்தால் தானாகவே ஆறிவிடுவதும் உண்டு. ஆனால் காற்று உள்ளே போகும், வெளியே வராது என்ற நிலை ஏற்பட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் கூடும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்படும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அந்த நிலையில் ஊசியோ குழாயோ செலுத்திக் காற்றை வெளியேற்றினால், போய்க்கொண்டிருந்த உயிர் கண்ணெதிரே திரும்பி வரும். அவசர சிகிச்சையில் இவ்வளவு எளிய செயலுக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் இடங்கள் குறைவு.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. சிறிய அளவு காற்று இருப்பது தெரியாமலேயே அந்த நோயாளிக்கு வென்டிலேட்டர் பொருத்தி, அல்லது கால் எலும்பு அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்து, இயந்திரத்தால் மூச்சைத் தள்ளும்போது அந்தச் சிறிய கசிவு பெரிதாகிவிடலாம். 'காலில்தானே அடி, நன்றாகப் பேசிக்கொண்டுதானே இருந்தார், ஆபரேஷன் அறையில் என்ன ஆனது?' என்று உறவினர்கள் கேட்கும் கேள்விக்குப் பின்னால் சில நேரங்களில் இப்படிப்பட்ட காரணமும் இருக்கலாம்.

எக்ஸ்ரே ஏன் போதவில்லை?

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா? நின்றபடி எடுத்தால் பெரும்பாலும் தெரியும். விபத்தில் சிக்கியவரை நிற்க வைக்க முடியாது. முதுகெலும்பு முறிந்திருக்குமோ என்ற அச்சத்தில் மல்லாந்து படுத்த நிலையிலேயே எடுப்பார்கள். படுத்திருப்பவரின் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று மேலே, அதாவது முன்பக்கம் வந்து தேங்கும். எக்ஸ்ரே முன்னிருந்து பின்னாக எடுக்கப்படுவதால் காற்றும் நுரையீரலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, படத்தில் வேறுபாடு தெரியாமல் போகிறது. சி.டி. ஸ்கேனில் துல்லியமாகத் தெரியும்தான். ஆனால் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியை அந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதே ஆபத்து. பல ஊர்களில் அந்த இயந்திரமே கிடையாது.

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் வருகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. ஒலி அலை காற்றுக்குள் ஊடுருவிப் படம் தராது. அதனால் காற்று நிறைந்த நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்ட் உதவாது என்பதே நீண்ட காலமாக நிலவிய கருத்து. அதை மாற்றிய முதல் குறிப்பு மனிதனைப் பற்றியது கூட அல்ல. 1986இல் ரான்டனன் என்ற கால்நடை மருத்துவர் குதிரையின் நெஞ்சில் இந்தக் கோளாறை அல்ட்ராசவுண்டில் கண்டதைப் பதிவு செய்தார். பின்னர் பிரான்ஸ் நாட்டின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைப் படுக்கையருகே செய்யக்கூடிய சோதனையாக்கியது.

அவர் சொன்னது எளிமையானது. நுரையீரலின் உட்புறத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதன் உறை அசைகிறதா என்று பார்த்தால் போதும். நெஞ்சின் முன்பக்கம், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்தால் திரையில் பளிச்சென்று ஒரு கோடு தெரியும். நலமான நுரையீரலில் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கோடு மினுங்கியபடி இப்படியும் அப்படியும் நகரும். நடுவில் காற்று புகுந்திருந்தால் கோடு இருக்கும், அசைவு இருக்காது. கருவியை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தும்போது அசைவு இருக்கும் பகுதியும் இல்லாத பகுதியும் சந்திக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரு பக்கமும் பார்க்க ஓரிரு நிமிடம் போதும். கதிர்வீச்சு இல்லை. நோயாளியை அசைக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே இயந்திரம் இல்லாத விண்வெளி நிலையத்தில் உதவும் என்று நாசா கூட இந்த முறையில் ஆர்வம் காட்டியது.

எந்த அளவுக்கு நம்பலாம்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் இதை அலசியது. ஒன்பது ஆய்வுகள், 1,271 விபத்து நோயாளிகள். அவர்களில் 410 பேருக்கு நெஞ்சில் காற்று புகுந்திருந்தது. படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரே இப்படிப்பட்டவர்களில் 47 சதவீதத்தினரை மட்டுமே கண்டுபிடித்தது. அல்ட்ராசவுண்ட் 91 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தது. புரியும்படி சொன்னால், நூறு விபத்து நோயாளிகளில் முப்பது பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தால் எக்ஸ்ரே 16 பேரைத் தவறவிடும், ஸ்கேன் 3 பேரைத் தவறவிடும். பாதிப்பு இல்லாத ஒருவருக்கு இருப்பதாகவும் ஸ்கேன் சொல்லிவிடக்கூடும்.

விபத்து சிகிச்சைக்கான உலகளாவிய பயிற்சியான ஏ.டி.எல்.எஸ். தனது 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தச் சோதனையைச் சேர்த்துக்கொண்டது. வயிற்றில் இரத்தக் கசிவைத் தேடும் அதே ஸ்கேனை நெஞ்சு வரை நீட்டிப் பார்ப்பதுதான் இது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது இது. பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப் போயிருந்தாலும் அசைவு தெரியாது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதை ஒதுக்கிவிட முடியாது. தோலுக்கடியில் காற்று பரவியிருந்தால் படமே தெளிவாக வராது. நோயாளி உயிருக்குப் போராடும் நிலையில் அறிகுறிகளே தெளிவாக இருந்தால் எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்காமல் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதே மருத்துவ விதி. கருவி இருக்கிறது என்பதற்காக நேரத்தை வீணாக்குவதும் தவறுதான்.

சட்டம் குறுக்கே வந்தது எப்படி?

நம் வீடுகளில் 'ஸ்கேன் எடுத்தாச்சா?' என்று யாராவது கேட்டால் அது கர்ப்பிணியைப் பற்றிய கேள்வியாகவே இருக்கும். அந்த அளவுக்கு இந்தக் கருவி கருவறையோடு ஒட்டிப் போய்விட்டது. அந்த ஒட்டுதலின் இருண்ட பக்கமும் நமக்குத் தெரியும். பெண் கரு என்று தெரிந்ததும் அழித்துவிடும் பாவத்துக்கு இதே கருவி வாசலானது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 927 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011இல் அது 918 ஆகக் குறைந்தது. தமிழகம் தன்னை உயர்வாக நினைத்துக்கொள்ள இடமில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்ததும் இங்கேதான்.

அந்தச் சூழலில் வந்ததுதான் 1994ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதலைத் தடுக்கும் சட்டம். 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது, 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. பெண் குழந்தையை உயிரோடு புதைத்த அறியாமைக் காலத்தைக் கடுமையாகக் கண்டித்த வேதத்தை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். இந்தச் சட்டத்தின் நோக்கத்தில் நமக்கு எள்ளளவும் மாறுபாடு இருக்க முடியாது.

ஆனால் சட்டம் பிடித்தது குற்றத்தை மட்டுமல்ல, கருவியையும் சேர்த்துத்தான். கருவின் பாலினத்தைக் காட்டும் திறனுள்ள எந்த ஸ்கேன் கருவியும், அதை யார் எதற்காக வைத்திருந்தாலும், இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத இடத்துக்கு, பணம் பெற்றோ பெறாமலோ, அதைக் கொடுக்கவும் கூடாது. 2012இல் சேர்க்கப்பட்ட விதி, கையில் எடுத்துச் செல்லும் கருவிகளை இரண்டே வகையில் அனுமதிக்கிறது. ஒன்று, பதிவு பெற்ற இடத்துக்குள் உள்நோயாளிகளுக்கு. மற்றது, பல வகைச் சேவைகளைத் தரும் நடமாடும் மருத்துவ வாகனத்தில். விபத்து நடந்த இடத்துக்கு விரையும் ஆம்புலன்ஸ் இந்த இரண்டிலும் எளிதில் அடங்காது. அவசரப் பிரிவு வாசலில், இன்னும் அட்மிஷன் போடாத நோயாளி எந்த வகை என்பதும் வாதத்துக்குரியதே.

இதில் நமக்கு மிகவும் வியப்பாக இருப்பது பயிற்சி விதி. எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர் இந்தச் சட்டத்தின் கீழ் ஸ்கேன் செய்யத் தகுதி பெற ஆறு மாதப் பயிற்சி வேண்டும் என்று 2014இல் விதி வந்தது. அந்தப் பயிற்சியின் பாடம் வயிறும் இடுப்புப் பகுதியும்! எந்த உறுப்பைப் பார்ப்பதால் குற்றம் நடக்கிறதோ அதைப் பார்க்கத்தான் ஆறு மாதம் கற்றுத் தருகிறார்கள். நுரையீரலை மட்டும் பார்க்க விரும்பும் அவசர சிகிச்சை மருத்துவருக்கென்று தனி வாசல் எதுவும் அங்கே இல்லை. அவசர சிகிச்சை ஒரு தனி மருத்துவத் துறையாக இந்தியாவில் அங்கீகாரம் பெற்றது 2009இல்தான். சட்டம் எழுதப்பட்டபோது அப்படி ஒரு மருத்துவர் வகை யாருடைய மனதிலும் இருந்திருக்காது.

தண்டனையும் கடுமையானது. முதல் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்த நாளிலிருந்தே மருத்துவரின் பதிவு நிறுத்தி வைக்கப்படலாம். ஆவணங்களைச் சரியாகப் பராமரிக்காததை வெறும் எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. பெண் மருத்துவ நிபுணர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு அது. நீதிமன்றத்தின் காரணத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆவணத்தில் ஓட்டை விட்டால் அந்த ஓட்டை வழியாகத்தான் குற்றம் தப்பிக்கும். ஆனால் இதன் நிழல் அவசரப் பிரிவின் மீதும் விழுகிறது. 'நமக்கு எதற்கு வம்பு, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்' என்று ஒரு சிறிய மருத்துவமனை நினைத்தால் அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியுமா?

அடைத்த வாசலை எவ்வளவு திறப்பது?

மதரஸாவில் ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அமைப்பு நன்கு பழக்கமானது. தீமையை மட்டுமின்றி, அதற்கு இட்டுச் செல்லும் வாசலையும் சேர்த்து அடைப்பது. ஸத்துத் தராயிஃ என்று அதற்குப் பெயர். அதே ஃபிக்ஹில் அதன் மறுபக்கமும் இருக்கிறது. வாசலை அடைப்பதற்காக விலக்கப்பட்ட ஒன்று உண்மையான தேவை வரும்போது அனுமதிக்கப்படும். ஆனால் தேவையின் அளவுக்கு மட்டுமே. அந்நியப் பெண்ணை ஆண் மருத்துவர் பார்ப்பது இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். சிகிச்சைக்குத் தேவையான இடத்தைப் பார்க்கலாம், அதைத் தாண்டக் கூடாது.

இந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். 'சட்டத்தையே தளர்த்துங்கள், இது டாக்டர்களை மிரட்டும் சட்டம்' என்று ஒலிக்கும் குரல்களோடு நம்மால் சேர முடியாது. கருவியை யாரும் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று விட்டால், கிராமம் கிராமமாக வேனில் போய்ப் பாலினம் சொன்ன பழைய வியாபாரம் திரும்பி வர நெடுநாள் ஆகாது. இன்று சட்டைப் பையில் வைத்து, செல்போனில் இணைத்துப் பார்க்கும் அளவுக்குக் கருவி சிறுத்துவிட்டது. ஆபத்தும் அந்த அளவுக்கு எளிதாகிவிட்டது.

'நுரையீரலுக்கான தனிக் கருவியை மட்டும் விடுவித்தால் என்ன?' என்று சிலர் கேட்கிறார்கள். உறையின் அசைவை மிகத் தெளிவாகக் காட்டும் உயர் அதிர்வெண் கருவி சில சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் புதிய சிறு கருவிகளில் ஒரே முனை எல்லா ஆழத்தையும் பார்க்கிறது. எனவே கருவியின் வகையை வைத்துக் கோடு போடுவது நீண்ட நாள் நிற்காது.

இடத்தையும் மருத்துவரையும் பயிற்சியையும் வைத்துக் கோடு போடுவதே சரியாகத் தெரிகிறது. பதிவு பெற்ற அவசரப் பிரிவு, அங்கே பெயர் பதிந்த மருத்துவர்கள், நெஞ்சும் இதயமும் விபத்து ஸ்கேனும் மட்டும் கற்றுத் தரும் குறுகிய பயிற்சி, ஒவ்வொரு ஸ்கேனும் தானாகப் பதிவாகும் ஏற்பாடு. இது முடியாத காரியமல்ல. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஸ்கேன் இயந்திரங்களில் நடப்பதைப் பதிவு செய்யும் 'சைலன்ட் அப்சர்வர்' என்ற கருவியைப் பொருத்தினார்கள். எதிர்த்து வழக்குப் போட்டும் 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அன்று இயந்திரத்தோடு தனிப் பெட்டியாக ஒட்ட வேண்டியிருந்ததை இன்றைய கருவிகளிலேயே உள்ளடக்கிவிடலாம். ஆம்புலன்ஸில் அனுமதிப்பது அதற்கு அடுத்த படி. அவசரப்பட வேண்டியதில்லை என்பது நம் கருத்து. அங்கே இருப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல. ஸ்கேனுக்காக வண்டியை நிறுத்தினால் நேரமும் போகும்.

ஒரு சிக்கல் மட்டும் இதிலும் தீராமல் நிற்கிறது. விபத்தில் சிக்கியவர் கர்ப்பிணியாக இருந்தால்? கர்ப்பிணிக்குச் செய்யும் ஸ்கேனுக்கு முழுப் பதிவேடு வேண்டும் என்கிறது சட்டம். நெஞ்சைப் பார்த்தது, வயிற்றைப் பார்த்தது என்று அதன் சொற்கள் பிரித்துச் சொல்லவில்லை. தாயின் மூச்சு திணறும்போது படிவத்தை யார் நிரப்புவது? முதலில் சிகிச்சை, பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் பதிவு என்று தெளிவாக எழுதிவிட்டால் மருத்துவரும் தயங்க மாட்டார், சட்டமும் ஓட்டையாகாது.

நம் குடும்பங்களும் ஜமாஅத்துகளும்

அடிபட்ட மகனின் நெஞ்சில் ஒரு மருத்துவர் ஜெல் தடவி ஸ்கேன் வைத்தால் 'நெஞ்சுக்கு எக்ஸ்ரேதானே எடுப்பார்கள்?' என்று பதற வேண்டாம். பெண்களுக்கு என்றால் கழுத்தெலும்புக்குக் கீழே சிறிதளவு இடம் திறந்தாலே முதல் சோதனைக்குப் பெரும்பாலும் போதுமானது. துணியால் மறைத்துக்கொண்டு செய்யச் சொல்லிக் கேட்கலாம். பெண் மருத்துவர் வரட்டும் என்று அந்த நிமிடத்தில் தாமதப்படுத்த மார்க்கம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

நம் சமுதாய அமைப்புகள் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகின்றன, சில ஊர்களில் ஜமாஅத் மருத்துவமனைகளும் உண்டு. அவற்றுக்கு உதவ வேண்டும் என்று வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் கேட்டால், கைக்கு அடக்கமான ஸ்கேன் ஒன்றை விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அன்பளிப்பாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. பதிவில்லாத இடத்துக்கு இலவசமாகக் கொடுத்தாலும் சட்டப்படி தவறு, வாங்கிக்கொண்ட மருத்துவமனையும் சிக்கிக்கொள்ளும். அந்த மருத்துவமனை இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்கிறதா, இருக்கும் கருவி அவசரப் பிரிவுக்கு வருகிறதா அல்லது ஸ்கேன் அறைக்குள் பூட்டிக் கிடக்கிறதா, இரவுப் பணியில் அதைப் பார்க்கத் தெரிந்தவர் உண்டா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கருவி ஏற்கெனவே இருக்கும். அதை நெஞ்சில் வைத்துப் பார்க்க இரண்டு மருத்துவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை ஜமாஅத் ஏற்றுக்கொள்ளலாம்.